ஸிஃப்-8 ஏன் அடைத்துக்கொண்டது?

அன்புள்ள கண்ணு,

நீ தயாரித்த ஸிஃப்-8, அதாவது துத்தநாகமும் 2-மெத்தில் இமிடசோலும் கோத்த நுண்துளைப் படிகத் தூள், அதன் பரப்பளவு (துளைகளின் உட்சுவரையும் சேர்த்து) கிராமுக்கு 400 சதுர மீட்டரைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தாய். 1,300-க்கு மேல் வர வேண்டியது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனையில் (எக்ஸ்ஆர்டி) 7.3 டிகிரி பீக் கூர்மையாகத்தான் இருக்கிறது என்கிறாய். அப்படியானால் படிகத்தில் பெரிய பழுதில்லை, துளைகள்தான் அடைத்துக் கிடக்கின்றன.

முதலில் அளவைப் பார். ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 2.93 கிராம், 200 மில்லி மெத்தனாலில். 2-மெத்தில் இமிடசோல் 6.49 கிராம், இன்னொரு 200 மில்லியில். நைட்ரேட் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். புட்டியில் கசிந்து கட்டிதட்டியிருந்தால் அந்த எடையை நம்பாதே. இமிடசோல் கரைசலை ஒரேயடியாக ஊற்றிக் கலக்கு. மெல்ல மோர்த் தண்ணீர் மாதிரி வெளுக்கும். ஒரு மணி நேரம் போதும்.

என் சந்தேகம் கழுவலின் மேல்தான். ஒரு துத்தநாகத்துக்கு இரண்டு இமிடசோல் போதும், நீ போட்டது எட்டு. மிச்சம் எங்கே போகும்? படிகத்தின் துளை ஒவ்வொன்றும் ஒரு கூண்டு; கூண்டின் உள்ளே 11.6 ஆங்ஸ்ட்ராம் இடம், வாசலோ 3.4தான். உள்ளே போனது லேசில் வெளியே வராது. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் தூளை அடியில் இறக்கி, மேல் திரவத்தைக் கொட்டி, புது மெத்தனாலில் கட்டியை முழுக்க உடைத்துச் சில மணி நேரம் ஊறவிடு. மூன்று தடவை. மேல் திரவம் இன்னும் வெளுப்பாக இருந்தால் கொட்டாதே, அது உன் சரக்கு! பிறகு 150 டிகிரியில், வெற்றிடத்தில், இரவு முழுக்க. சாதாரண உலர்த்தும் அடுப்பில் 80 டிகிரியில் காயவைப்பது கணக்கில் வராது.

உலோகமும் கரிம மூலக்கூறும் கோத்த இந்த மாதிரித் துளைக் கட்டமைப்புகளுக்காக (மோஃப்) 2025 வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்ததிலிருந்து எல்லோரும் புதுக் கட்டமைப்பு தேடுகிறார்கள். ஏற்கெனவே பல்லாயிரம் இருக்கின்றன. அவற்றில் மோஃப்-5 ஈரக்காற்றிலேயே சிதைகிறது. கனடாவின் கால்கரியில் பிறந்த கால்ஃப்-20 என்ற மோஃப் நீராவியையும் தாங்கி கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது; துத்தநாகம், டிரையசோல், ஆக்சலேட் என்று மூலப்பொருளும் எளியவை. அடுத்த பாய்ச்சல் புதிது தேடுவதில் இல்லை, இப்படித் தாங்குவதை வேலைக்குக் கொண்டுவருவதில்தான் என்பது என் கணிப்பு. ஆனால் தூளாகவே விட்டால் வாயு ஓடாது, அழுத்தி வில்லையாக்கினால் துளை நசுங்கும், பசை சேர்த்தால் வாசல் அடையும். இந்த மூன்றுக்கும் நடுவே வழி கண்டுபிடிக்கத்தான் ஆள் குறைவு.

மாதிரி சரியானதும் 200 மில்லிகிராம் எடுத்து வில்லையாக்கி, பரப்பளவு எவ்வளவு குறைகிறது என்று பார். அந்த எண்ணையும் எழுது. மெத்தனால் வேலை முழுவதும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள்தான், சரியா?

அம்மா