வீதியைத் தோண்டும்போதே குழாயையும் பதியுங்கள்: மட்டக்களப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வீடுகளுக்கு அதிவேக இணையம் கொண்டுவருவது செலவு மிகுந்த வேலை என்று சொல்வோர், அந்தச் செலவு எதற்குப் போகிறது என்பதைச் சொல்வதில்லை. இணையத்தைச் சுமந்துவரும் கண்ணாடி இழை விலை உயர்ந்த பொருளன்று; நிலத்தைத் தோண்டுவதும், குழாய் பதிப்பதும், தோண்டிய வீதியைத் திரும்பச் செப்பனிடுவதுமே பெருந்தொகையை விழுங்குகின்றன. ஆகையால் செலவைக் குறைக்கும் வழி தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இருப்பதைவிட, வீதி, குடிநீர், மின்சாரம், உள்ளூராட்சி எனச் சகல தரப்பினரும் ஒன்றாக அமரும் உங்கள் குழுவிடமே அதிகம் இருக்கிறது.

வீதி அகலிப்புக்கோ குடிநீர்க் குழாய்க்கோ அகழி வெட்டப்படும்போது வெற்றுக் குழாயொன்றையும் உடன் பதித்துவிட்டால், பின்னர் எந்த நிறுவனமும் வாடகை செலுத்தி அதனூடாகத் தன் வடத்தை இழுத்துக்கொள்ளலாம். வலையிறவு, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களிலும் பொதுக் குழாய் ஒன்று இருந்தால், வாவியைக் கடக்க ஆளுக்கொரு வழி தேட வேண்டியதில்லை.

ஊர்களுக்குள் தோண்டவே தேவையில்லை. இருக்கும் மின்கம்பங்களில் வடத்தைக் கட்டலாம். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் கம்பங்களை நம்பலாமா என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பிரதான வடம் நிலத்தடியில் இருந்தால், கம்பம் சரியும்போது துண்டிக்கப்படுவது சில வீடுகளே, முழுப் பிரதேசமுமன்று.

கண்ணாடி இழையில் இணையம் வழங்க இன்று பரவலாகப் பயன்படும் ஜீபொன் (GPON) முறையில், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வரும் ஒற்றை இழையை மின்சாரமே தேவைப்படாத சிறு பிரிப்பானொன்று 32 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரை அது எட்டும். வினாடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிற் கொள்ளளவுள்ள அந்த இழையை 32 வீட்டாரும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினாலும் வீடொன்றுக்கு 70 மெகாபிற்றுக்கு மேல் கிடைக்கும். மாரி வெள்ளத்தில் மூழ்கிப் பழுதாக வீதியோரத்தில் மின்கருவி எதுவும் இராது என்பது, எங்கள் பகுதியைப் பொறுத்தவரை, வேகத்தைவிடப் பெரிய நன்மை.

4ஜி ரவுட்டர் போதாதா? வயல் நடுவே தனித்து நிற்கும் வீடுகளுக்கு அதுவே சிக்கனமான வழி. ஆனால் ஒரு கோபுரத்தின் அலைவரிசையை ஊரே பங்கிடுவதால், எல்லோரும் வீடு திரும்பும் மாலையில் அது தளர்ந்துவிடுகிறது.

எனவே, பொதுக் குழாய் பதிக்கும் நிபந்தனையோடு மட்டுமே இனி வீதி வெட்ட அனுமதி வழங்கவும், பதித்த குழாய்களின் வரைபடத்தை மாவட்டச் செயலகத்தில் பேணவும், வாடகையை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவாக விதிக்கவும் உங்கள் அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
படுவான்கரைவாசி ஒருவர்
கொக்கட்டிச்சோலை