எலி எவ்வளவு தின்றது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் பற்றி தங்கள் இதழில் வந்த கட்டுரை, '2 சதவீதம் கலந்த தீவனம் தின்ற எலிகள் மெலிந்தன' என்பதோடு நின்றுவிடுகிறது. எலியின் வயது என்ன, எவ்வளவு தின்றது என்பது தெரியாமல் இதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

400 கிராம் எடையுள்ள வளர்ந்த எலி நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் தீவனம் தின்னும். அதில் 1 சதவீதம் பென்சோயேட் என்றால் உள்ளே போவது 200 மில்லிகிராம். கிலோ எடைக்கு 500. வளரும் பருவத்து 100 கிராம் எலியோ 10 கிராம் தின்றுவிடும். அதே 1 சதவீதம் அதற்குக் கிலோவுக்கு 1000 ஆகிறது. 90 நாள் ஆய்வில் வாரந்தோறும் எலியையும் மீந்த தீவனத்தையும் நிறுப்பது இதற்குத்தான். கூண்டுக்கடியில் சிந்தியதையும் பொறுக்கி நிறுக்க வேண்டும். அலுப்புப் பிடித்த வேலை. விட்டால் சிந்தியதெல்லாம் தின்ற கணக்கில் ஏறிவிடும்.

அளவு கூடும்போது தீவனத்தின் ருசி கெடும். எலி குறைவாகத் தின்னும், மெலியும். இது பட்டினியா, நஞ்சா? பென்சோயேட் எலிகள் முந்தைய நாள் தின்ற அதே எடைக்கு, எதுவும் கலக்காத தீவனத்தை இன்னொரு குழுவுக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவையும் அதே அளவு மெலிந்தால் பழி பென்சோயேட்டைச் சேராது. கட்டுரையில் அப்படியொரு குழு இருந்ததாகவே தெரியவில்லை.

குழாய் வழியாக வயிற்றில் புகட்டினால் ருசிச் சிக்கல் இல்லை. ஆனால் பென்சோயேட்டைக் கல்லீரல் கிளைசீன் என்ற அமினோ அமிலத்தோடு இணைத்து, ஹிப்பூரிக் அமிலமாக்கித்தான் சிறுநீரில் வெளியேற்றுகிறது. நாள் முழுக்கக் கொறிக்க வேண்டியதை ஒரே தடவையில் இறக்கினால் கிளைசீன் போதாமல் போகலாம். தீவன ஆய்வையும் குழாய் ஆய்வையும் ஒரே பட்டியலில் போடுவது சரியல்ல. பூனையின் உடலுக்கு பென்சோயேட்டைக் கழிப்பது இன்னும் கடினம். பூனை ஆய்வை மனிதருக்கு அப்படியே பொருத்துவதும் தவறு.

1 சதவீதத் தீவனத்தில் நான்கு தலைமுறை எலிகளை வளர்த்தபோது பாதிப்பு தெரியவில்லை. கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்ற அந்த அளவை, எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்கு 10 என்று 100-ஆல் வகுத்து வந்ததே கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பு. 20 கிலோ குழந்தைக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இந்த 5-ஐயே வைத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021-இல் 20 ஆக்கியது. 'வரம்பை மீறியது' என்று கட்டுரை சொல்வது எந்த வரம்பை என்று அடுத்த இதழிலாவது தெரிவியுங்கள்.

– நச்சியல் துறை வாசகர், கோவை