2024–25 ஆண்டறிக்கை: பொன்மலைப் பணிமனை வரலாறும் சந்தா பாக்கியும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கண் சிகிச்சை முகாம், கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

சரி, நம் சங்கம் கொண்டுவர இருக்கும், திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையின் வரலாற்று நூலுக்கு வருகிறேன். குடியிருப்போர் சங்கத்துக்கு இது எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பணிமனைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை ஏற்றிய வீடுகள் நம்முடையவை, நாம் எழுதாமல் யார் எழுதுவது? தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே வந்தது பலருக்கும் தெரியும். அதோடு சேர்ந்து ஆட்குறைப்பும் வந்தது, தொழில் தேர்வு வைத்து ஆளைக் கழிக்கப் பார்த்தார்கள், அதை எதிர்த்து அந்த வருடம் ஜூலையிலேயே பெரிய வேலைநிறுத்தம் நடந்து தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று மலபார் போலீஸ் சுட்டதில் இறந்த ஐந்து தொழிலாளர்களுக்கு வருடாவருடம் அஞ்சலி நடக்கிறது, எதற்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

பெருமைப்படவும் நிறைய இருக்கிறது. ஊட்டி மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. அதே வகையை நம் ஆட்கள் இங்கேயே செய்தார்கள், 2021-ல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்து அனுப்பினார்கள். பாய்லர் வேலையும் ஃபிட்டர் வேலையும் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஞாயிறுதோறும் கூட்டம் வைத்தோம். பெரியவர்கள் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள், உதவுகிறேன் என்று கையெழுத்துப் போட்ட உறுப்பினர்களில் பாதிப் பேரைக் காணோம், போன் செய்தாலும் எடுப்பதில்லை. இதற்கிடையில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். அவரிடம் கேட்க வேண்டியதை இனி யாரிடம் கேட்பது?

வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சொற்பம், விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கிதான் பெரிய தொகை. வருடக்கணக்காகச் சந்தா கட்டாதவர்களே நூலுக்கு ஏன் செலவு என்று கேட்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் தந்தவர், தேநீர் தந்தவர், எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன். ஆனால் 2028-ல் பணிமனை இங்கே வந்து நூறு வருடம் ஆகிறது, அதற்குள் நூல் வந்தாக வேண்டும். அச்சகத்தில் விலை கேட்டு வைத்திருக்கிறேன், பாக்கி வசூலானாலே முக்கால்வாசிச் செலவு கட்டிவிடும். அப்புறம், அப்பா, தாத்தாவின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பணிமனைப் படம் எது வீட்டில் இருந்தாலும் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருகிறேன்.

செயலாளர்