தானா ஆற்றுக்கு அங்கால்

ரவி மச்சான்,

பதில் எழுதப் பிந்திவிட்டது. மகளின் கலியாணப் பேச்சு சரிவந்தது பெரிய சந்தோஷம், திகதி குறித்ததும் சொல்லு, நான் ரிக்கற் போடவேண்டும்.

செப்டெம்பரில் வடக்கே போய் வந்தேன். நோர்வேயின் பின்மார்க்கில் மீன் கொம்பனியில் நாங்கள் நின்ற காலத்தில், தானா ஆற்றுக்கு அங்கால் பின்லாந்து என்று காட்டுவார்களே, அந்தக் கரைதான். உட்ஸ்யொகிப் பக்கம், கல்டோவைவி. 1991இல் பின்லாந்து சட்டம் போட்டுக் காத்த 12 வனாந்தரங்களில் ஆகப் பெரியது, ஏறக்குறைய 2,900 சதுர கிலோமீட்டர். காடு என்றதும் வன்னிக் காட்டை நினைக்காதே. எல்லாம் மலைப் பேர்ச் என்ற மரம், எங்கள் தலையைவிடக் கொஞ்சம்தான் உயரம், அடியிலேயே நாலைந்து தண்டாகப் பிரிந்து முறுகி நிற்கும். அந்தக் கிழமை இலை முழுக்க மஞ்சள்.

புல்மங்கி ஏரியிலிருந்து ஏறிப் போக, ஒரு மேட்டில் காடு சட்டென்று முடிந்துவிட்டது. கிடந்த தடி ஒன்றைத் தூக்கினேன், பாரமே இல்லை. பட்டை மட்டும் வெள்ளையாக அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த மரம் உக்கித் தூளாகக் கொட்டியது. 1965, 66இல் ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் இந்த வட்டாரத்தில் பெரும் பரப்பை மொட்டையாக்கின, பல மேடுகளில் காடு இன்னும் திரும்பவில்லை. அடியில் துளிர்ப்பதைக் கோடையில் பனிமான்கள் மேய்ந்துவிடுகின்றன. அதற்காக இங்கத்தைய பழங்குடிகளான சாமி இன மந்தைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களுடைய தொழிலையும் காக்கத்தானே அந்தச் சட்டம்.

அந்தப் பூச்சி கொப்பில் இடும் முட்டை, குளிர் மைனஸ் 36 பாகை அளவுக்கு இறங்கினால் செத்துவிடும். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும், அதனால் பள்ளத்தாக்கு மரங்கள் தப்பின, மேட்டில் நின்றவை போயின. அந்தக் குளிரை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்போம் மச்சான்! இந்த மரங்களுக்கு அதுதான் காவல் என்று இத்தனை வருடம் கழித்துத்தான் விளங்கியது. இப்போது மாரியில் அந்தக் கடுமை குறைந்துகொண்டு வருகிறது, 2000களில் இன்னொரு பூச்சியும் வந்து சேர்ந்துவிட்டது. வீதியையும் சுரங்கத்தையும் சட்டம் மறிக்கும், இதை எப்படி மறிப்பது? எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

கலியாணம் முடிய, அடுத்த செப்டெம்பர் நீயும் வா. முதல் கிழமையே வந்துவிடு, பிந்தினால் இலை கொட்டிவிடும். நல்ல சப்பாத்து வாங்கு, பாதி வழி சதுப்பு.

அன்புடன்
குமார்