மெமோவுக்குப் பயந்து மறைக்கப்படும் விபத்துகள்: காவல் துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

காவல் துறையில் உயர் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்ப்பவன். விபத்து நடந்த இடத்துக்குப் போவது, ஏன் நடந்தது என்று கேட்டு எழுதுவது, மறுபடி நடக்காமலிருக்க எதை மாற்றலாம் என்று பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. என் குடும்பத்தில் காவல் துறைக்காரர்களும் உண்டு. அவர்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது என் காது தானாகவே விபத்துக் கதைகளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு தொழிற்சாலையில் நடந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு விசாரிக்க வேண்டிய சம்பவங்களை அவர்கள் "இதெல்லாம் சகஜம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சகஜம்தான் என்னை எழுத வைக்கிறது.

காவலருக்கு ஆபத்து என்றால் எல்லோருக்கும் கத்தியோடு ஓடிவரும் ஆள்தான் நினைவுக்கு வருகிறான். அவன் உண்மைதான். அவனுக்காகக் கவச உடை, கேடயம், பயிற்சி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ரோந்து வண்டி கவிழ்வது, நெடுஞ்சாலையில் வண்டியை மறித்து நிற்கும்போது பின்னால் வரும் லாரி மோதுவது, இருட்டில் மதில் ஏறி விழுவது, சொந்தத் துப்பாக்கி வெடிப்பது, தூக்கமில்லாமல் ஓட்டுவது போன்றவற்றுக்கு எதிரி என்று ஒருவர் கிடையாது. அதனாலேயே அவற்றை யாரும் எதிர்ப்பதில்லை. இறந்தவருக்குக் குண்டு முழங்க மரியாதை செய்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த மரியாதை முடிந்த பிறகு, "இதைத் தடுத்திருக்க முடியுமா?" என்று யாராவது உட்கார்ந்து கேட்கிறார்களா?

சீட் பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2011ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 1980 முதல் 2008 வரை வாகன விபத்துகளில் இறந்த காவல் அலுவலர்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது அது. பெல்ட் போடாத பொதுமக்களுக்கு அபராதம் எழுதுபவர்கள் இவர்கள். ஏன் போடவில்லை என்று காவலர்களிடம் கேட்டுப் பாருங்கள், சோம்பல் என்ற பதில் வராது. இடுப்பில் துப்பாக்கி உறை, வயர்லெஸ், விலங்கு எல்லாம் தொங்கும்போது பெல்ட்டின் கொக்கியைக் கை தேடிப் பிடிக்கவே நேரமாகிறது. இறங்கும்போது பட்டை உறையில் மாட்டிக்கொள்கிறது. யாராவது தாக்க வந்தால் வண்டிக்குள்ளேயே சிக்கிக்கொள்வோமோ என்ற பயமும் இருக்கிறது. நியாயமான பயம். அதற்குச் சுற்றறிக்கை மருந்தாகாது. இடுப்பிலிருக்கும் சாமான்களை மார்புக் கவசத்துக்கு மாற்றலாமா, கொக்கியைக் கைக்கு எட்டும்படி உயர்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே பெல்ட்டைக் கழற்றி, உறையில் சிக்காமல் விலக்கி இறங்குவதைத் துப்பாக்கிப் பயிற்சி மாதிரியே திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். கை பழகினால் பயம் தானாகக் குறையும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 33 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளேயே 50 மீட்டர் போயிருக்கும். 60ல் போவதைவிட 120ல் போகும்போது மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. சைரன் போட்டுவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடுவதில்லை. எந்த அழைப்புக்கு அந்த வேகம் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை ஓட்டுபவரின் சூடான மனநிலைக்கு விடாமல், கட்டுப்பாட்டறையே அழைப்பைக் கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் தூக்கம். நான் பார்த்தவரை காவல் துறையில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் ஆபத்து இதுதான். 1997ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடைய செயல்திறன் அளவுக்கு இறங்கிவிடுவதைக் காட்டியது. பல நாடுகளில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை அதுதான். 24 மணி நேரம் விழித்தால் அது ஏறத்தாழ 0.10 அளவு. இப்போது யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்கப் பந்தோபஸ்து, இரவு ரோந்து, காலையில் நீதிமன்றத்தில் சாட்சி. சாட்சி சொல்லிவிட்டு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு திரும்புகிறார். குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் இடைநீக்கம் செய்கிறோம். தூங்காத ஆளை மட்டும் "கடமை உணர்வு மிக்கவர்" என்கிறோம். அந்த 24 மணி நேரத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, டியூட்டி ரோஸ்டர் போட்டவர்தான் போட்டார். விபத்து நடந்தால் விசாரணை ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது. ரோஸ்டரும் விசாரணைக் கோப்பில் இருக்க வேண்டும். விபத்துக்கு முந்தைய மூன்று நாட்களில் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்ற கேள்வியும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கைத்துப்பாக்கியைக் காலி செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். அப்புறம் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராக இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். கடைசியாகச் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். பணி முடிந்து ஆயுதத்தை ஒப்படைக்கும் நேரம், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், வீட்டிலிருந்து போன் அடிக்கிறது. களைப்பில் வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்துவிடுகிறார். ஒரு தோட்டா வெளியே விழுகிறது. விழுந்ததைப் பார்த்த மனம் "காலியாகிவிட்டது" என்று முடிவு செய்கிறது. ஆனால் மேகசின் உள்ளேதான் இருக்கிறது. ஸ்லைடு முன்னால் போகும்போது அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் ஏற்றிவிட்டது. அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றுகிறார். இப்போது அவர் கையில் இருப்பது காலி என்று அவர் உறுதியாக நம்பும், நிரம்பிய துப்பாக்கி. சில வகைத் துப்பாக்கிகளில் பிரித்துத் துடைப்பதற்கு முன் விசையை அழுத்தியே ஆக வேண்டும்; அழுத்தினால் வெடிக்கும்.

இதற்குத் தீர்வு "கவனமாக இருங்கள்" என்ற வாக்கியம் அல்ல. ஆயுத அறையில் மணல் நிரப்பிய உருளை ஒன்றை வைத்து, அதற்குள் குழலை நீட்டித்தான் காலி செய்ய வேண்டும் என்று விதி இருந்தால், தவறு நடந்தாலும் குண்டு மணலுக்குள் போகும். நல்ல வெளிச்சம், ஒரு நேரத்தில் ஒருவர், போன் வெளியே, பக்கத்தில் நின்று சேம்பரைப் பார்க்க இன்னொருவர். மனிதன் களைப்பான், மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு இடத்தை அமைப்பதுதான் என் தொழிலின் அடிப்படைப் பாடம்.

சுடும் பயிற்சித் திடலும் ஒரு பணியிடம்தான். துப்பாக்கி வெடிக்கும் ஒலி 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடிச்சத்தம்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். ஈயத் தூசியைப் பற்றி யாருமே பேசுவதில்லை. தோட்டாவிலும் அதைப் பற்றவைக்கும் கலவையிலும் ஈயம் இருக்கிறது. மூடிய திடலில் காற்றோட்டம் சரியில்லையென்றால் அது மூச்சோடு உள்ளே போகிறது. விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி காற்றில் கிளம்பும். அதே சீருடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினால் ஈயமும் வீட்டுக்கு வந்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெரிய கேடு. தினமும் அங்கேயே நிற்கும் பயிற்றுநர்களுக்கு இரத்தத்தில் ஈய அளவை முறையாகச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2025ல் நடந்த இரண்டு சம்பவங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஜூலை 18ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஷெரிஃப் துறையின் பயிற்சி வளாகத்தில் வெடிப்பு நடந்து, வெடிபொருள் பிரிவைச் சேர்ந்த மூன்று அலுவலர்கள் இறந்தார்கள். நவம்பர் 14 இரவு ஸ்ரீநகரின் நௌகாம் காவல் நிலையத்தில், ஒரு வழக்கில் கைப்பற்றிக் கொண்டுவந்து வைத்திருந்த வெடிபொருளிலிருந்து மாதிரி எடுக்கும்போது வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விபத்து என்றே அரசு அறிவித்தது. இறந்தவர்களில் தடயவியல் துறையினர், வருவாய்த் துறையினர், காவல் துறைப் புகைப்படக்காரர்கள் மட்டுமல்ல, ஒரு தையல்காரரும் இருந்தார். முன்னதில் இறந்தவர்கள் அந்த வேலையிலேயே ஊறியவர்கள், பின்னதில் இறந்தவர்களில் சிலருக்கு வெடிபொருளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்கள் நிலையங்களின் பின்கட்டில் இந்த நிமிடம் என்னென்ன கிடக்கின்றன? பறிமுதல் செய்த பட்டாசு, பெட்ரோல், என்னவென்றே தெரியாத ரசாயனப் பொடி, பழைய நாட்டுக் குண்டு, டேங்கில் எண்ணெயோடு நிற்கும் வண்டிகள். ஒரு தொழிற்சாலை இப்படி வைத்திருந்தால் அதைப் பூட்டச் சொல்லி நானே எழுதிக் கொடுப்பேன். நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய சாட்சியப் பொருள் என்பது சரிதான். ஆனால் படமும் சிறு மாதிரியும் வைத்துக்கொண்டு, மீதியை நீதிமன்ற அனுமதியோடு சீக்கிரம் அழிப்பதற்கும், அதுவரை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வைப்பதற்கும் வழி செய்ய வேண்டியது தலைமையின் வேலை. நிலையத்தில் கோப்பு எழுதும் ரைட்டரால் அது முடியாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மேலே சொன்ன எதுவும் பெரும் விபத்தாகத் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன்பே சின்னதாகப் பலமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. கண் அசந்து வண்டி மண்ணில் இறங்கி, மறுபடி சாலைக்கு ஏறியிருக்கும். ஒப்படைக்கும்போது தோட்டா கூரையில் பாய்ந்திருக்கும். சோதனையிடும்போது சட்டைப்பையில் இருந்த ஊசி கையுறையைக் கிழித்துத் தோலைத் தொட்டிருக்கும். இவற்றைச் சொன்னால் என்ன நடக்கும் என்று காவலருக்குத் தெரியும். விளக்கம் கேட்டு மெமோ வரும், பதவி உயர்வில் கறை விழும். அதனால் கூரையில் விழுந்த ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். ஊசி குத்தியவர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. அந்த ஊசியில் தொற்று இருந்திருக்கலாம் என்றால், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். மெமோவுக்குப் பயந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த 72 மணி நேரத்திலிருந்துதான் கழிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

விமானத் துறை இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வந்த விதம் நம் கண்முன் இருக்கிறது. அமெரிக்காவில் 1976ல் விமானிகள் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் தாங்களே எழுதி அனுப்பும் முறை தொடங்கியது. அதில் முக்கியமான விஷயம், அந்த அறிக்கைகளைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானத்துறை நிர்வாகம் அல்ல, நாசா. அனுப்பியவரின் பெயர் நீக்கப்படுகிறது. வேண்டுமென்றே செய்தது, குற்றம், விபத்து ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. காவலர்களுக்காகவும் இதே வழியில் ஓர் அறிக்கை முறை அங்கே பின்னர் வந்தது. உங்கள் துறையிலும் தண்டிக்கும் கை ஒன்றாகவும் கேட்கும் காது வேறாகவும் இருக்கட்டும். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஒரு மருத்துவர், துறைக்கு வெளியிலிருந்து பாதுகாப்பு தெரிந்த ஒருவர் என்று மூன்று பேர் போதும்.

"காவல் வேலையில் ஆபத்து இல்லாமல் இருக்குமா? பாதுகாப்பு விதி பார்த்துக்கொண்டிருந்தால் திருடனைப் பிடிப்பது எப்படி?" என்று கேட்பீர்கள். பிரிட்டனில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே பணியிடப் பாதுகாப்புச் சட்டம் 1974லேயே வந்தது. ஆனால் காவலர்கள் சட்டப்படி ஊழியர்கள் அல்ல, பதவி வகிப்பவர்கள் என்பதால், அவர்களை அதற்குள் கொண்டுவர 1997ல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1999ல் சந்தேக நபரைத் துரத்திக் கூரை மேல் ஓடிய லண்டன் காவலர் ஒருவர் அது உடைந்து விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு இன்னொருவர் அதேபோல விழுந்து படுகாயமடைந்தார். லண்டன் காவல் ஆணையர் மீதும் அவருக்கு முன்பிருந்தவர் மீதும் வழக்குப் போடப்பட்டு, 2003ல் விசாரணை நடந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. என் கருத்திலும் அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும்; அந்தக் கணத்தில் கூரை ஏறுவதா வேண்டாமா என்பதை அங்கே நிற்பவர்தான் முடிவு செய்ய முடியும். ஆனால் உடையும் கூரை எப்படி இருக்கும், எதன் மேல் கால் வைக்கக்கூடாது என்று அவருக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்களா என்ற கேள்வி தலைமையிடம்தான் கேட்கப்பட வேண்டும். அந்தக் கேள்வியை ஒரு நாடு கேட்டது என்பதே எனக்கு முக்கியம்.

இன்னொன்று, யாரும் விபத்தாக நினைக்காதது. பந்தோபஸ்தில் நாள் முழுக்க நிற்கும் பெண் காவலர்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள், போக இடமில்லை என்பதால். வெயிலில் கனத்த உடையோடு தண்ணீர் இல்லாமல் நின்று மயங்கி விழுந்தால், அந்தப் பணித் திட்டத்தைப் போட்டபோதே விபத்து தொடங்கிவிட்டது. எத்தனை பேர், எத்தனை வாகனம் என்று எழுதும் அதே தாளில் கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, எத்தனை மணிக்கு மாற்றுவது என்றும் எழுதுங்கள்.

2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை வேலை செய்பவர்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. காவலரும் வேலைக்குப் போய்த் திரும்பி வருபவர்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது தெரியும். முதலில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அடுத்த அணிவகுப்பில், நீங்களே நேரில் நின்று, இன்று முதல் ஆறு மாதம் மயிரிழையில் தப்பிய எந்தச் சம்பவத்தைச் சொன்னாலும் மெமோ கிடையாது என்று அறிவியுங்கள். அதை எழுத்திலும் கொடுங்கள். வருகிற முதல் அறிக்கையைக் கீழே தள்ளாமல் நீங்களே படித்து, அதில் சொல்லப்பட்ட ஒரு குறையையாவது அந்த வாரமே சரி செய்து, சரி செய்ததை எல்லா நிலையங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். அதைப் பார்த்துத்தான் இரண்டாவது ஆள் வாய் திறப்பார்.

இப்படிக்கு,
காவலர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்