புருவம் தீட்டிய கதை

அன்புள்ள பிள்ளைக்கு,

நல்லூர்த் தேரன்று எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, புருவம் எல்லாம் தீட்டியிருக்கிறீங்கள்?" என்று சிரித்தாய். நானும் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். எனக்குப் புருவம் போய் இரண்டு வருஷமாகிறது.

முதலில் நெற்றி ஓரம்தான் கடித்தது. பொடுகு என்று நினைத்தேன். மாமி செவ்வரத்தம் இலை அரைத்துத் தந்தா. வெந்தயமும் பூசினேன், வைத்த நல்லெண்ணெய்க்குக் கணக்கில்லை. முடி மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. ஒரு மருந்துக்கடையில் வயதுக்கு இது வழமை என்று சத்துக் குளிசை தந்தார்கள். அதிலும் ஆறு மாதம் வீண்.

கடைசியில் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்தா. சாதாரணமாகக் கொட்டினால் முடி முளைக்கும் துவாரம் மிஞ்சுமாம். எனக்கு அதுவும் மூடி, தோல் வழுவழுவென்று இருந்தது. மிஞ்சிய முடிகளின் அடியில் சிவப்பும் செதிலும். விறைக்க ஊசி போட்டு, 4 மில்லிமீற்றர் அளவில் ஒரு துண்டு எடுத்தார்கள். மொட்டையான இடத்தில் இல்லை, இன்னும் சிவந்திருக்கிற ஓரத்தில். ஆறிப்போன தழும்பில் நோயைத் தேடி என்ன பிரயோசனம்?

நோயின் பெயர் புரொன்டல் பைப்ரோசிங் அலோபீசியாவாம், நெற்றி ஓர முடி கொட்டித் தழும்பாகிற நோய். புருவம் போனதும் இதனால்தான். 1994இல் அவுஸ்திரேலியாவில்தான் முதலில் எழுதிவைத்தார்களாம், மாதவிடாய் நின்ற பெண்களைப் பார்த்து. எங்கள் உடம்பின் வெள்ளணுக்களே முடிவேரைத் தாக்கித் தழும்பாக்கிவிடுகின்றன. இப்போது நெற்றி ஓரத்தில் ஸ்டீரொயிட் ஊசி, அதோடு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசை. அந்தக் குளிசைக்குக் கண்ணையும் சோதிக்க வேண்டும். போன முடி வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று டொக்டர் நேரே சொல்லிவிட்டா. பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். அப்பா தன் வழுக்கையைத் தடவிக் காட்டி, "எனக்கு ஆர் அழுதது?" என்றார்.

சரி, இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை நீ நெற்றி ஓரம் கடிக்கிறது என்றாய். ரொறன்ரோக் குளிராக இருக்கலாம். ஆனால் இது சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது, மாதவிடாய் நிற்க முன்னமும் வரலாம். எண்ணெய் வைத்துப் பார்ப்போம் என்று இராதே. கடி இருக்கும்போதே தோல் டொக்டரிடம் காட்டு. அம்மாவுக்கு இருக்கிறது என்றும் சொல்லு. துண்டு எடுக்க வேண்டும் என்றால் மறுக்காதே, எறும்பு கடித்த மாதிரித்தான்.

வருகிற ஆரிடமாவது ஒரு புருவப் பென்சில் கொடுத்துவிடு. இங்கே வாங்கியது வியர்வைக்கு வழிகிறது.

அம்மா