உன் கதையில் வருகிற மற்ற ஆட்கள்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின பக்கங்களை இரண்டு தரம் வாசித்தேன். மாதவிடாய், துடக்கு, தங்காமல் போன கரு, மனச்சோர்வு, குடும்பத்துக்குள்ளேயே நடந்த பாலியல் துஷ்பிரயோகம். ஊரில் குரலைத் தாழ்த்திக் கதைக்கிற எல்லாமே அதில் இருக்கிறது. எழுதாதே என்று நான் சொல்லப்போவதில்லை. உன் உடம்பைப் பற்றி எழுத நீ ஒருத்தரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் உன்னைவிட மற்ற ஆட்கள்தான் கூட. அவர்கள் யாரும் உனக்குத் தலையாட்டவில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறாய். எங்கட ஊரில் பெயரை மாற்றினால் ஆள் மறையாது. "உப்புவெளியில் இருந்து கணக்குப் படிப்பித்து, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு கனடாவுக்குப் போன மாமி" என்று எழுதினால் மீன் வாங்க வந்து நிற்கிறவர்கூடச் சொல்லிவிடுவார் அது யார் என்று. ஆளைக் காட்டிக்கொடுப்பது இடம், தொழில், வயது, சம்பவம் நடந்த ஆண்டு, உறவுமுறை ஆகிய ஐந்தும்தான். பெயர் ஆறாவது. ஒவ்வொரு ஆளுக்கும் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பார். விஷயத்தைச் சொல்லத் தேவையானவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மிச்சத்தை மாற்றாதே, எடுத்துவிடு. மாற்றிய விவரம் வாசிக்கிறவரை வேறு யாரையோ தேடவைக்கும். எடுத்துவிட்டால் தேட ஒன்றும் இல்லை.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் விஷயத்தைத் தாங்கி நிற்கிற விவரத்தில் கைவைக்காதே. வேலையிடத்தில் நடந்த தொல்லையைச் சொல்கிற இடத்தில் தாதியை ஆசிரியை ஆக்கினால் கதையே பொய்யாகிவிடும். அங்கே தொழிலை வைத்துக்கொண்டு ஊரை எடு.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆளை மறைக்கிறேன் என்று அவருடைய இனத்தையோ சமயத்தையோ மாற்றாதே. தமிழ் மாமாவை மூதூர் முஸ்லிம் கடைக்காரராகவோ சிங்கள உத்தியோகத்தராகவோ ஆக்கினால் அது மறைப்பு இல்லை, பழிபோடுதல். மூன்று சனமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மாவட்டம் இது. இங்கே அப்படி ஒரு வரி எழுதினவளின் கையைவிட்டுப் போய் வதந்தியாகத் திரும்பி வரும்.

எழுதி முடித்ததும் ஊரை நன்றாகத் தெரிந்த, ஆனால் இந்த விஷயம் தெரியாத ஒருத்தரிடம் வாசிக்கக் கொடு. "இது யாராக இருக்கும்?" என்று மட்டும் கேள். சரியான ஆளைச் சொன்னால் இன்னும் ஒரு விவரம் போகவேண்டும். பிழையான ஆளைச் சொன்னால் அது அதைவிட மோசம். ஒன்றும் செய்யாத மனிதர் ஒருவர் உன் எழுத்தால் குற்றவாளி ஆகிறார். அந்தப் பந்தியைத் திருத்திக்கொண்டிராதே, முழுக்கத் திரும்ப எழுது. கடைசியில், ஆட்களை அடையாளம் தெரியாமல் வைக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன் என்று ஒரு வரி போட்டுவிடு. அந்த வரி இல்லாமல் மாற்றுவது வாசிக்கிறவரை ஏமாற்றுவது.

சட்டப் பக்கமும் பார்க்கவேண்டும். நீ அங்கே இருந்தாலும் நீ எழுதுகிற ஆட்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவதூறைக் குற்றமாக்கிய சட்டத்தை இலங்கையில் 2002இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் சிவில் வழக்குப் போடலாம். நாங்கள் பின்பற்றுகிற ரோமன்-டச்சுச் சட்டத்தில் "நான் எழுதினது உண்மை" என்பது மட்டும் காப்பாற்றாது. உண்மையாகவும் இருக்கவேண்டும், அது வெளியில் வருவதால் பொதுநன்மையும் இருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி: இதை நிறுவ என்னிடம் என்ன இருக்கிறது? இது தெரிவதால் யாருக்குப் பயன்? இரண்டாவதுக்குப் பதில் இல்லாத வரிகள் பெரும்பாலும் கோபத்தில் வந்தவை. அவற்றை வெட்டினால் எழுத்துக்கு ஒரு குறையும் வராது.

துஷ்பிரயோகம் செய்த மாமாவின் பெயரைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவர் யார் என்று காட்டக்கூடிய எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. குடும்பத்துக்குள் நடந்ததில் செய்தவனின் பெயரைப் போட்டாலே அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். பாதிக்கப்பட்டது நீயாக இருந்தால் முடிவு உன்னுடையது, அதற்கும் முதலில் ஒரு சட்டத்தரணியோடு கதை. வேறு பிள்ளை என்றால் அவன் பெயரும் வேண்டாம், "தாய்வழி மாமா" என்ற முறையும் வேண்டாம். "குடும்பத்தில் ஒரு பெரிய ஆள்" என்பது போதும்.

உன் சிநேகிதி கருவைக் கலைத்த பகுதியை முழுதாக எடுத்துவிடு. இங்கே 1883ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்னும். 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் இடம். மற்றபடி மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசைந்த பிறகென்றால் ஏழு வரை. தானே செய்துகொண்ட பெண்ணுக்கும் அது பொருந்தும். அவள் உன்னிடம் ஆறுதலுக்குச் சொன்னதை நீ அச்சில் வைத்தால் அது வாக்குமூலமாகிவிடும். உன் சொந்தப் பகுதியிலும் தெளிவு வேண்டும். கரு தானாகப் போனது என்று நேராகவே எழுது. உறுதிப்படுத்தின கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை அப்படிப் போகிறது, பெரும்பாலும் கருவில் இருந்த நிறமூர்த்த (குரோமோசோம்) குறைபாட்டால், பாரம் தூக்கியதால் இல்லை, பப்பாசி தின்றதால் இல்லை. "நான் என்ன பிழை விட்டேன்" என்று இரவில் யோசித்துக்கொண்டு கிடக்கிறவளுக்கு உன் அழகான வசனங்களைவிட இந்த விவரம் உதவும்.

மாதவிடாய்ப் பகுதியிலும் இதே குறை. கோயிலுக்கு விடாதது, சாமத்திய வீட்டுக் கூத்து, பின்னறையில் தனிப் பாய் எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வாசிக்கிற பிள்ளைக்குத் தன்னுடையது சாதாரணமா இல்லையா என்று தெரியவில்லை. அளவுகளைச் சொல். ஒரு மாதப்போக்கில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லிலீற்றர். 80ஐத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்ப்பதில்லை, ஆகவே அடையாளத்தைச் சொல்: ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நாப்கின் நனைந்துபோவது, இரவில் எழும்பி மாற்றவேண்டியிருப்பது, பெரிய கட்டிகள், ஏழு நாளைத் தாண்டுவது. இதில் ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் போகவேண்டும், இரத்தச்சோகைக்கும் பார்க்கவேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு துளி இரத்தம் கண்டாலும் காட்டவேண்டும். இந்த ஒரு வரிக்காகவாவது உன் எழுத்தைப் பெரியம்மாக்களும் வாசிக்கட்டும்.

தற்கொலை பற்றி எழுதின இடத்தில்தான் எனக்கு ஆகக்கூடின பயம். எப்படி என்பதை எடு. எங்கே என்பதையும் எடு. கடிதத்தில் என்ன இருந்தது என்பதையும் எடு. ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி முடிக்காதே. பரீட்சை, காதல், கடன் என்று ஒன்றைக் காட்டினால், அதே நிலையில் இருக்கிற இன்னொருவருக்கு அது ஒரு வழியாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வதும் இதுதான். கோணேசர் மலைத் தூணைச் சுற்றிச் சொல்கிற காதல் கதை மாதிரிச் சாவை அழகாக்கவும் வேண்டாம். அது சுற்றுலாக்காரருக்குச் சொல்லத்தான் சரி. அந்த நிலையில் இருந்து மீண்டு வந்ததை விரிவாக எழுது: யாரிடம் முதலில் சொன்னாய், மனச்சோர்வு மருந்து வேலைசெய்ய எத்தனை கிழமை எடுத்தது. இரண்டு கிழமையில் மாற்றம் தெரியவில்லை என்று மருந்தை விடுகிறவர்கள் உண்டு. முழுப்பலன் தெரிய நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை முடிவில் ஒளிக்காதே, அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே போடு. உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கின சட்டம் 1998இலேயே போய்விட்டது. வழக்கு வரும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத வீடுகள் உண்டு. ஆகவே அதையும் எழுது.

படங்களில் கவனம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம், அதை நீக்கிவிட்டுப் போடு. பின்னால் தெரிகிற பள்ளிச் சீருடை, கலண்டர், கடைப் பெயர்ப்பலகையையும் பார். புனைபெயரில் எழுதப்போகிறாய் என்றால் அதற்குப் புது மின்னஞ்சல் வேண்டும். பழைய போன் இலக்கத்தோடு கணக்குத் திறந்தால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று சித்தப்பாவுக்கே உன்னைக் காட்டும்.

வெளியில் வந்த பிறகு முன்பின் தெரியாத பெண்கள் தங்கள் கதையை உனக்கு எழுதுவார்கள். பதிலை இப்போதே எழுதி வைத்துக்கொள், நாலு வரி போதும்: வாசித்தேன், நம்புகிறேன், நான் ஆலோசகர் இல்லை, இவர்களிடம் பேசுங்கள். பெண்களுக்கு 1938, பிள்ளைகள் சம்பந்தப்பட்டது 1929. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதாதே. அங்கிருந்து உன்னால் பார்க்க முடியாது.

கேட்கவேண்டியவர்களிடம் கேட்கிற முறை: அவரைப் பற்றிய பந்தியை மட்டும் தனியாக அனுப்பு, ஒரு கிழமை அவகாசம் கொடு, எந்த மொழியில், எங்கே, யாருடைய பெயரில் வரும் என்று சொல், சம்மதத்தை எழுத்தில் வாங்கு. அச்சுக்கு முதல் நாள்வரை அவர் மனம் மாறலாம். குழந்தைகளிடம் கேட்கவே வேண்டாம், அவர்கள் சொல்கிற "ஓம்" செல்லாது. உன் மகள் பெரியபிள்ளையாவதைப் பற்றி எழுதுகிற நாள் வந்தால் அதை அவளே எழுதட்டும்.

என்னுடைய சம்மதத்தை இதிலேயே எழுதித் தருகிறேன். எனக்கு மாதவிடாய் நின்ற காலத்தை என் பெயரோடு எழுதலாம்: உடம்புச் சூடு, நித்திரையில்லாதது, கோபம் எல்லாம். அப்பாவையும் என்னையும் பற்றின மூன்றாவது பந்தி வேண்டாம். அம்மம்மாவைப் பற்றினதைப் பெரியம்மாவுக்குக் காட்டாமல் போடாதே. தம்பி குடிக்கிற மருந்தைப் பற்றின வரிக்கு அவனிடம் கேள், என்னிடம் கேட்காதே.

திருத்தினதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதே பிள்ளை. என் மின்னஞ்சலுக்கு அனுப்பு. எழுத்தை 14 அளவில் வைத்து வலப்பக்கம் இடம் விடு, அச்செடுத்துப் பேனையால் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா